கண்டாம்: பேருருவப் பொறியும் பதினைந்து வயதுச் சிறுவனும்

சிறுவர்க்கென ஆக்கப்பட்ட கலைப்படைப்பு திறனாய்வுக்கு உரியதன்று என்ற எண்ணம் தமிழாசிரியரிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. பாடநூலில் இடம்பெறும் நீதிக்கதையை ஆராய்வோர் உளர். நாட்டுப்புறத் தாலாட்டை ஆராய்வோரும் உளர். ஆனால் மாணவர் கண்கொட்டாமல் கண்டுகளிக்கும் சித்திரத் தொடரை எடுத்து ஆராய்வோர் மிக அரியர். அதிலும், மாடி வீட்டினும் உயர்ந்த இரும்பு மனிதர் வாளெடுத்து மோதும் கதை என்றால், 'வெறும் சண்டைக் கூத்து' என்ற ஒரே சொல்லால் அதனை ஒதுக்கிவிடுவதே வழக்கம். அவ்வகைப் படைப்புகளுள் பெரும்பான்மையன அவ்வாறு ஒதுக்கத்தக்கனவே. ஆயின், களத்தில் பதர் மிகுதி என்பது கொண்டு நெல்லே இல்லையென முடிவு கட்டுதல் ஆய்வாகாது. ஜப்பானில் 1979ஆம் ஆண்டு தோன்றிய 'கிடோ சென்ஷி கண்டாம்' என்னும் தொடர் அந்தக் களத்து நெல். 'இயங்கு போர்வீரன் கண்டாம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அது நெல்லாயினும் உமி கலந்த நெல்லே என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

பேருருவ ரோபோ ஒன்றை நடுவாக வைத்துக் கதை புனையும் மரபு, 1956இல் யோக்கோயாமா மிட்சுத்தேரு வரையத் தொடங்கிய 'டெட்சுஜின் 28' என்னும் சித்திரக் கதையோடு வேர்கொண்டது எனலாம். போர்க்காலத்தில் படைக்கலமாகத் திட்டமிடப்பட்ட ஓர் இரும்பு மனிதன், போர் முடிந்தபின் ஷோத்தாரோ என்னும் சிறுவனின் ஆட்சிக்குள் வருகிறான். சிறுவன் கையிலுள்ள விசைப்பெட்டி அந்தப் பூதத்தை இயக்கும். பெட்டி நல்லவன் கையில் இருந்தால் பூதமும் நல்லது. தீயவன் பறித்துக்கொண்டால் அதுவும் தீயது. எளிய கற்பனைதான், ஆயினும் கருவிக்கு அறம் இல்லை, அதனைப் பிடித்த கைக்கே அறம் உண்டு என்ற கருத்து அதில் தெளிவாக அமைந்திருந்தது. 1972இல் நாகாய் கோ படைத்த 'மாசிங்கர் இசட்' இவ்வமைப்பை மாற்றியது. விசைப்பெட்டி மறைந்தது, தலைவனே பொறியின் தலைக்குள் ஏறி அமர்ந்து தேர்ப்பாகனைப் போல அதனைச் செலுத்தலானான். அதன் பின்னர் வந்த தொடர்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. வாரம் ஒரு பகைப்பூதம் வரும், ஊரை இடிக்கும், தலைவன் தன் பொறியின் பெயரைக் கூவி அழைத்து அதில் ஏறுவான், கடைசி ஐந்து நிமிடத்தில் பகை வீழும். இடிந்த ஊரில் இறந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் டொமினோ யொஷியுக்கி என்னும் இயக்குநர். 1941இல் பிறந்த இவர், தெசுக்கா ஒசாமுவின் 'அட்டம்' தொடரில் பணியாற்றித் தொழில் பயின்றவர். 1977இல் இவர் இயக்கிய 'ஸம்போட் 3' என்னும் தொடரிலேயே, ஊரைக் காக்க வந்த குடும்பத்தை ஊராரே வெறுத்து விரட்டுவதைக் காட்டி, பார்த்த பிள்ளைகளைத் திடுக்கிட வைத்தார். 'கண்டாம்' தொடரில் இவரோடு இருவர் சேர்ந்தனர். மாந்தர் உருவங்களை வரைந்தவர் யசுஹிக்கோ யொஷிக்காசு. மாணவர் கிளர்ச்சியில் ஈடுபட்டு ஹிரோசாக்கிப் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்டவர். பொறிகளை வரைந்தவர் ஓக்காவாரா குனியோ. 1979 ஏப்ரல் 7 முதல் 1980 சனவரி 26 வரை, சனிக்கிழமை தோறும் மாலை ஐந்தரை மணிக்கு, நகோயாத் தொலைக்காட்சி இதனை 43 பகுதிகளாக ஒளிபரப்பியது. முதலில் வகுத்த திட்டம் 52 பகுதிகள். பொம்மை வணிகத்தாரான குளோவர் நிறுவனமே இதற்குப் பணம் கொடுத்தது. பார்ப்போர் தொகையும் பொம்மை விற்பனையும் எதிர்பார்த்த அளவு இல்லாமையால் தொடர் குறுக்கப்பட்டது. கலைஞன் ஒருபுறமும் கடைக்காரன் ஒருபுறமும் இழுத்த இழுப்பின் வடுக்கள் இத்தொடரின் மேனியெங்கும் உள்ளன.

கதைக்களம்

கதை வருங்காலத்தில் நிகழ்கிறது. மக்கள்தொகை பெருகியதால் மாந்தருட் பலர் விண்வெளியில் அமைத்த மாபெரும் உருளைக் குடியிருப்புகளுக்குச் சென்று, அங்கேயே பிறந்து, அங்கேயே இறந்து வாழ்கின்றனர். விண்யுகம் 0079ஆம் ஆண்டில், பூமிக்கு மிகத் தொலைவிலுள்ள குடியேற்றம் ஒன்று தன்னை 'ஜியோன் குறுநிலம்' என்று பெயரிட்டுக்கொண்டு, பூமிக் கூட்டரசுக்கு எதிராக விடுதலைப் போர் தொடுக்கிறது. ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட போரில் இரு தரப்பாரும் சேர்ந்து மாந்தருள் பாதிப்பேரைக் கொன்றுவிடுகின்றனர். தாம் செய்ததைக் கண்டு தாமே அஞ்சி, எட்டு மாத காலம் இரு படையும் அசைவற்று நிற்கின்றன. ஒவ்வொரு வாரமும் தொடரின் முகப்பில் இச்செய்தி ஓதப்படுகிறது. சிறுவர் நிகழ்ச்சிக்கு இத்தகைய முகவுரை எவரும் எதிர்பாராதது.

பேருருவப் பொறி எதற்கு என்ற வினாவுக்கும் இத்தொடர் விடை வைத்திருக்கிறது. மினோவ்ஸ்கி துகள் என்னும் கற்பனைப் பொருளைப் போர்க்களத்தில் பரப்பினால் ராடார் குருடாகும். தொலைவிலிருந்து ஏவிய ஏவுகணை வழி தவறும். ஆகவே கண்ணால் கண்டு, அருகில் நெருங்கிப் போரிட வேண்டிய நிலை மீண்டும் வருகிறது. அந்நிலைக்கென ஜியோன் ஆக்கியதே 'ஸாக்கு' என்னும் பொறி. அதற்கு மறுமொழியாகக் கூட்டரசு ஆக்கியது 18 மீட்டர் உயரமுள்ள கண்டாம். இங்கே ரோபோ தெய்வமன்று, பூதமுமன்று. பீரங்கி வண்டியைப் போல ஒரு படைக்கலம். அதற்குத் தோட்டா தீரும்; உறுப்பு பழுதாகும்; பழுது பார்க்க ஆள் வேண்டும். நீண்ட விளக்கங்கள் சில சலிப்பூட்டுவது உண்மை. ஆனால் இந்த ஒரு மாற்றத்தால் கதையின் சுவையே மாறிவிட்டது.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டைக் கொண்டு அம்மாற்றத்தை எளிதில் விளக்கலாம். முன்னைய ரோபோக் கதைகள் மருட்கையையும் பெருமிதத்தையும் மட்டுமே நம்பி நின்றன. பொறியின் அளவைக் கண்டு வியப்பு. அதன் வெற்றியைக் கண்டு வீறு. 'கண்டாம்' தொடரிலும் அவை உண்டு. இல்லையேல் பிள்ளைகள் பாரார். ஆனால் பகுதிக்குப் பகுதி மேலோங்கி நிற்பன அச்சமும் இளிவரலும் அழுகையுமே. வென்ற பின்னும் தலைவன் முகத்தில் பெருமிதம் தோன்றுவது அரிது. பெரும்பாலும் அவன் களைத்திருக்கிறான். அல்லது எவர்மீதோ சினந்திருக்கிறான்.

அமுரோவும் அவன் பெற்றோரும்

தலைவன் அமுரோ ரே பதினைந்து வயதினன். தாயைப் பிரிந்து, பொறியாளனான தந்தையோடு விண்குடியிருப்பில் வாழ்பவன். உண்ணவும் மறந்து இயந்திரங்களோடு பொழுது போக்குபவன். பகைவரின் ஸாக்குகள் அவன் ஊருக்குள் நுழைகின்றன. மேலதிகாரியின் ஆணையை மீறி, புகழ் விரும்பிய ஓர் இளம் வீரன் சுடத் தொடங்குவதே எல்லா அழிவுக்கும் தொடக்கம். அண்டை வீட்டுப் பெண் ஃபிராவ் போவின் தாயும் பாட்டனும் அவள் கண்முன்னே மடிகின்றனர். அமுரோ, படைத்துறையினரின் கையேட்டைப் புரட்டிப் படித்தவாறே கண்டாமின் உள்ளே ஏறுகிறான். பெயர் கூவி அழைக்கும் வீராவேசம் ஏதுமில்லை; அங்கே இருப்பது ஏடு பார்த்து இயக்கும் மாணவனின் தடுமாற்றம்.

அவன் முதல் ஸாக்குவை வெட்டியவுடன் அதன் உலை வெடித்து, குடியிருப்பின் சுவரில் பெருந்துளை விழுகிறது. அத்துளை வழியே விண்வெளிக்குள் வீசப்படுபவன் அமுரோவின் தந்தை தெம் ரே. மகன் பெற்ற முதல் வெற்றியே தந்தையைக் கெடுத்தது. இதனை உரையாடலில் எவரும் சுட்டிக் காட்டுவதில்லை. பார்ப்பவர் உணர்ந்தால் உணரட்டும் என்று விட்டுவிடுகிறார் இயக்குநர். ஏறத்தாழ முப்பது பகுதிகளுக்குப் பின்னர், நடுநிலை நாடொன்றில் அத்தந்தையை மகன் உயிரோடு காண்கிறான். உயிர்வளி குறைந்தமையால் மூளை கலங்கிய தெம் ரே, மகனின் நலத்தைக் கேளாமல், கண்டாமில் பொருத்துமாறு ஒரு கருவியை மிகுந்த பெருமையோடு கொடுக்கிறான். அது காலாவதியான பழம்பொருள். மகன் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து தரையில் வீசியெறிகிறான். பிள்ளையைவிடத் தன் கண்டுபிடிப்பைப் பெரிதாக எண்ணிய தந்தையின் வாழ்வு முழுவதும் அந்த எறிதலில் அடங்கியிருக்கிறது.

இதனினும் சிறந்தது பதின்மூன்றாம் பகுதி. ஆசிரியர்கள் ஒரு பகுதியை மட்டும் காண நேரம் பெற்றிருப்பின் இதனையே காண வேண்டும். கப்பல் பூமியில் இறங்கியிருக்கும்போது அமுரோ தாயைத் தேடிப் போகிறான். அவன் வீட்டில் கூட்டரசின் வீரர்களே குடித்துக் கிடக்கின்றனர்; பழம் விற்கும் பெண்ணொருத்தியைத் துன்புறுத்துகின்றனர். தன் படை நல்ல படை என்ற எண்ணம் அங்கேயே உடைகிறது. தாய் கமாரியா அகதிகளுக்குத் தொண்டு செய்து வாழ்கிறாள். தாயும் மகனும் தழுவிக்கொண்ட சிறிது நேரத்தில் பகைவீரர் இருவர் வருகின்றனர். நோயாளியைப் போலப் போர்வைக்குள் படுத்திருக்கும் அமுரோ, போர்வைக்குள்ளிருந்தபடியே சுடுகிறான். தாய் திகைக்கிறாள். சுடப்பட்டவனுக்கும் மனைவி மக்கள் இருப்பார்களே என்று அவள் கேட்க, இது போர் என்று மகன் விடை கூறுகிறான். இப்படிப்பட்டவனாகவா உன்னை வளர்த்தேன் என்னும் பொருள்பட அவள் புலம்புகிறாள். பிரியும்போது அவன் தாய்க்குப் படைவீரர் முறையில் வணக்கம் செய்து திரும்பி நடக்கிறான். அவள் தரையில் சரிந்து அழுகிறாள்.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடி மகள் தன் ஒரே மகனைத் தானே போருக்கு அனுப்புபவள். அப்பாட்டைப் பயின்ற தமிழ் வாசகர்க்குக் கமாரியா முதலில் கோழையாகத் தோன்றக்கூடும். ஆயின் இத்தொடர் அவளைப் பழிக்கவில்லை, மகனையும் பழிக்கவில்லை. அவன் சுட்டிராவிட்டால் அவன் பிடிபட்டிருப்பான் என்பதும் உண்மை. சுட்டமையால் தாய் அறிந்த பிள்ளை அங்கேயே இறந்தான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே நிறுத்தி, எதற்கும் தீர்ப்புச் சொல்லாமல் திரையை மூடும் துணிவு, வளர்ந்தோர்க்கென எடுக்கப்படும் படங்களிலும் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

பகைவரும் மாந்தரே

பதினான்காம் பகுதியில், காவற்பணியில் சலித்துப்போன ஜியோன் வீரர் சிலர் கண்டாமை அழித்தால் ஊர் திரும்பலாம் என்னும் ஆசையால், அதன் உடலெங்கும் நேரக்குண்டுகளைப் பொருத்திவிட்டு ஓடுகின்றனர். அமுரோ தன்னந்தனியனாக ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிகிறான். தொலைவில் மறைந்து நின்று காணும் வீரர்கள், தம் திட்டம் தோற்கிறதே என்று வருந்துவதை மறந்து, அவன் பிழைக்க வேண்டுமே என்று பதைக்கத் தொடங்குகின்றனர். எல்லாம் முடிந்தபின், ஊர்க்காரரைப் போல உடை மாற்றிக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்க வருகின்றனர். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகின்றனர். இப்பகுதி, வெடிகள் நிறைந்த பத்துப் பகுதிகளைவிட மனத்தில் நிற்கிறது.

ராம்பா ரால் என்னும் பகைத் தலைவன் இன்னொரு வகை. பாலைநிலத்து உணவுக்கடையில் தற்செயலாக அமுரோவைக் காண்கிறான். அவன் துணைவி ஹமோன் பையனுக்கும் உணவு வாங்கித் தர முனைகிறாள். இரவலன் அல்லேன் என்று மறுக்கும் பையனின் மானத்தை ரால் வாய்விட்டுப் பாராட்டுகிறான். அவன் எதிரியென்று அறிந்தும் அன்று போகவிடுகிறான். பின்னர்க் களத்தில் இருவரும் முகத்தோடு முகம் காணும்போது, அமுரோ அறிந்துகொள்வது கசப்பானது: தான் கொல்ல வேண்டியவன் தான் மதிக்கும் முதல் ஆண்மகன். ராலுக்கு வரவேண்டிய புதிய பொறிகளை அவன் தரப்பு அதிகாரியே உட்பகையால் தடுத்துவிடுகிறான். இறுதியில் அவன் கையெறி குண்டோடு தன்னை மாய்த்துக்கொள்கிறான். தந்தையால் தரமுடியாத ஒன்றை அமுரோ இந்தப் பகைவனிடம் பெற்றான் என்பதே இப்பகுதிகளின் உட்பொருள்.

மிஹாரு என்னும் பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். பெல்பாஸ்ட் நகரில் தம்பியையும் தங்கையையும் காப்பாற்ற வேண்டி, கூலிக்கு ஒற்று வேலை செய்பவள் அவள். கப்பலில் ஒளிந்து ஏறியபின், தான் அனுப்பிய செய்தியால் அங்குள்ள சிறு பிள்ளைகள் சாகக் கிடப்பதைக் கண்டு, பகைவர்மீது ஏவுகணை விட உதவுகிறாள். அதன் வீச்சிலேயே தூக்கி எறியப்பட்டு அட்லாண்டிக் கடலில் மறைகிறாள். வறுமை ஒருவரை எத்தரப்பிலும் நிறுத்தும் என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்வது கடினம். எதையும் எள்ளி நகைத்துத் திரிந்த காய் ஷிடென் என்னும் இளைஞன் அன்று அழுத அழுகைக்குப் பின் பழைய ஆளாக இல்லை.

செவ்வால்மீன் எனப் பெயர்பெற்ற முகமூடி வீரன் ஷார், பார்ப்போரில் பலரின் உள்ளம் கவர்ந்தவன். தன் தந்தையின் ஆட்சியைக் கவர்ந்த ஸாபி குடும்பத்தைப் பழிவாங்க, பெயர் மறைத்து அவர்தம் படையிலேயே சேர்ந்திருப்பவன். நண்பனாகப் பழகிய கார்மா ஸாபியை வஞ்சித்துச் சாகவிடுகிறான். அந்தச் சாவையே முதலாக்கி அண்ணன் கிரேன் ஸாபி பல்லாயிரவர் முன் இரங்கலுரை ஆற்றுகிறான். இரங்கல் சிறிது சிறிதாக வெறியாக மாறி, கூட்டம் முழுவதும் ஒரே குரலில் முழங்குகிறது. அதே நேரத்தில், ஒரு மதுக்கடையில் அமர்ந்து அவ்வுரையைக் கேட்கும் ஷாரின் உதட்டில் ஏளனம். கொன்றவன் ஒரு மூலையில். கொலையைக் கொண்டு ஆதாயம் தேடுபவன் மேடையில். உண்மையறியாத மக்கள் நடுவில். அரசியல் மேடைப்பேச்சை இவ்வளவு கூர்மையாகப் பிளந்து காட்டும் சிறுவர் படைப்பு வேறு உண்டா என்பது ஐயமே. பிற்காலத்து இரசிகருள் ஒரு சாரார் அவ்வுரையின் முழக்கத்தை விளையாட்டாகக் கூவி மகிழ்வது, படைப்பாளர் விரித்த வலையில் தாமே சென்று விழுவதாகும். கிரேனின் தந்தையே மகனை ஹிட்லரோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் காட்சியை அவர்கள் மறந்துவிடுகின்றனர் போலும்.

குறைகள்

இனிக் குறைகளுக்கு வருவோம். ஜியோன் நாட்டின் சீருடை, வணக்கம், முழக்கம் ஆகிய யாவும் ஜெர்மானிய நாஜிகளை நினைவூட்டுவன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நலிந்த மலாயாவின் வழித்தோன்றல்களுக்கு, குறிப்பாகச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மீளாத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை மறவாதோர்க்கு, இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. போரின் கொடுமையைச் சொல்ல வந்த ஜப்பானியப் படைப்பு, கொடியவனுக்குத் தன் நாட்டுச் சீருடையை ஏன் அணிவிக்கவில்லை? இறுதிப் போரில் ஜியோன் தரப்புப் பொறிகள் தடுமாறுவதைக் கண்டு தலைவி காரணம் வினவ, அவற்றைச் செலுத்துவோர் படிப்பை விட்டு வந்த மாணவர்கள் என்று விடை வருகிறது. ஜப்பான் தன் மாணவரைப் போருக்கு அனுப்பிய 1943ஆம் ஆண்டின் நினைவு அவ்விடத்தில் ஒலிக்கிறது. தன் பிள்ளைகளின் சாவு இப்படைப்பின் நெஞ்சில் இருக்கிறது. தன் படை அயல்நாட்டில் விளைத்த சாவு இல்லை. டொமினோ கூட்டரசையும் தூயதாகக் காட்டவில்லை, இரு தரப்பையும் குற்றவாளியாகவே நிறுத்துகிறார் என்று சிலர் விடையிறுக்கலாம். அது ஓரளவே பொருந்தும். இரு தரப்பும் குற்றவாளி என்பது சில வேளைகளில் எத்தரப்பும் கணக்குத் தரவேண்டியதில்லை என்பதற்கும் உதவும்.

இரண்டாவது குறை, 'நியூடைப்' எனப்படும் புதுவகை மாந்தர் பற்றியது. விண்ணில் வாழப் பழகியோர், சொல்லின் துணையின்றியே ஒருவர் உள்ளத்தை ஒருவர் பிழையின்றி அறியும் ஆற்றல் பெறுவர் என்பது ஜியோன் நாட்டை நிறுவிய அறிஞனின் கனவு. அக்கனவைப் போர்த்துறை கைப்பற்றி, உள்ளமறியும் ஆற்றலை உயிர்குறிக்கும் ஆற்றலாக மாற்றுகிறது. கருத்தளவில் இஃது அரியதொரு முரண். லாலா சூன் என்னும் பெண்ணும் அமுரோவும் போர்க்களத்திலேயே ஒருவரையொருவர் முழுமையாக அறிந்துகொள்கின்றனர். அடுத்த நொடியில், ஷாரைக் காக்கக் குறுக்கே வந்த லாலா அமுரோவின் ஒளிவாளால் மாய்கிறாள். மாநிறமும் புருவ நடுவில் பொட்டும் கொண்டு வரையப்பட்ட இவளை இந்தியப் பெண் என்று எண்ண இடமுண்டு. தொடர் அதனை வெளிப்படச் சொல்லவில்லை. குறை எங்கே எனின், இவள் 34ஆம் பகுதியளவில் அறிமுகமாகி 41ஆம் பகுதியில் இறந்துவிடுகிறாள். தொடர் குறுக்கப்பட்டதன் விளைவு இங்கே மிக வெளிப்படையாகத் தெரிகிறது. வளர வேண்டிய உறவு வளராமல், வண்ண ஒளிகளாலும் அலைகளாலும் ஈடுசெய்யப்படுகிறது. மேலும், மிஹாரு, மட்டில்டா, லாலா என்று பெண்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்து, அச்சாவினால் ஆடவர் பக்குவமடைவதே வாய்பாடாகிவிட்டது. ஒரு முறை என்றால் துயரம். மூன்றாம் முறை அது கதைசொல்வோனின் பழக்கம்.

மூன்றாவது, பொம்மை. கண்டாமின் மேனியில் வெள்ளையோடு சிவப்பும் நீலமும் மஞ்சளும் தீட்டப்பட்டிருப்பது எந்தப் போர்க்களத்துக்கும் பொருந்தாது. கடையின் கண்ணாடிப் பேழைக்கே பொருந்தும். தொடரின் நடுவில் திடீரெனப் புகுந்து, கண்டாமோடு பலவாறு கூடிப் பிரியும் துணைக் கலங்கள் விற்பனைக்கென வந்தவை. பின்னர் 1981, 1982 ஆண்டுகளில் இத்தொடரை மூன்று திரைப்படங்களாகத் தொகுத்தபோது டொமினோ அவற்றை நீக்கிவிட்டு வேறு கலத்தை அமைத்தார் என்பதே அவர் கருத்தைக் காட்டும். விந்தை என்னவெனில், இப்படைப்பைக் கைவிட்டதும் கைதூக்கியதும் பொம்மை வணிகமே. தொடர் முடிந்த பின்னர், 1980 சூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் வெளியிட்ட பிளாஸ்டிக் உருவங்களை மாணவர் கூட்டங்கூட்டமாக வாங்கினர். குளோவர் நிறுவனமோ 1983இல் நொடித்தது. போரின் இழிவைச் சொன்ன கதை, போர்ப்பொறியின் அழகை விற்று வாழத் தொடங்கியது. 2020 இறுதி முதல் 2024 மார்ச்சு வரை யோக்கஹாமாத் துறைமுகத்தில் கைகால் அசைத்து நின்ற உண்மை அளவுக் கண்டாமைக் காணச் சென்றோருள், ஃபிராவ் போவின் தாயை நினைத்தவர் எத்தனை பேர்?

அந்தக் கவர்ச்சியைப் படைப்பாளர் அறியாதவரல்லர் என்பதற்கு இறுதிப் பகுதி சான்று. கடைசிப் போரில் கண்டாம் தலையிழந்து, கையொன்றும் இழந்து, மேல்நோக்கிச் சுட்டு வீழ்கிறது. விற்பனைக்குரிய அழகிய முகம் கதையின் முடிவில் இல்லை. அமுரோவும் ஷாரும் பொறிகளைவிட்டு இறங்கி வாளேந்தி மோதுகின்றனர். அதனாலும் எதுவும் தீரவில்லை. பின்னர் அமுரோ சொல்லின்றிச் சொல்லும் ஆற்றலைக் கொண்டு, எரியும் கோட்டைக்குள் சிக்கிய தோழர் ஒவ்வொருவரையும் வெளியேற்றுகிறான். கடைசியில் வழி தெரியாமல் விண்வெளியில் மிதக்கும் அவனைத் தம்மிடம் வரவழைப்பவர்கள் காட்சு, லெட்சு, கிக்கா என்னும் மூன்று சிறு பிள்ளைகள். கொல்வதற்குப் பயிற்றப்பட்ட ஆற்றல் முதன்முறையாக அழைப்பதற்குப் பயன்படுகிறது. நியூடைப் கருத்தில் உள்ள தெளிவின்மையெல்லாம் இவ்விடத்தில் பொறுக்கத்தக்கதாகிறது. எந்த வெற்றி முழக்கமும் இல்லை. உடன்படிக்கை ஒப்பமாயிற்று என்று ஒரு வரி மட்டும் ஓதப்படுகிறது.

இத்தொடரைக் காண விரும்பும் ஆசிரியர்க்கு மூன்று திரைப்படங்களும் காலத்தைச் சுருக்கும். தாயைக் காணும் காட்சி முதற்படத்திலேயே உண்டு. ஆயினும் நேரக்குண்டுப் பகுதி படங்களில் இல்லை. அதற்குத் தொடரையே நாட வேண்டும். குக்குருசு டோவான் என்பவனைப் பற்றிய பதினைந்தாம் பகுதியும் அவ்வாறே விடப்பட்டது. ஜியோன் படையைவிட்டு ஓடிவந்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஒரு தீவில் வளர்ப்பவன் அவன். ஓவியம் மிகவும் தாழ்ந்த பகுதி அது. டொமினோவின் விருப்பப்படி ஆங்கில வெளியீட்டிலும் அது சேர்க்கப்படவில்லை. 2022இல் யசுஹிக்கோ அவர்களே அதனை முழுநீளப் படமாக மீண்டும் இயக்கினார். பழைய பகுதியின் முடிவில், பகைவரைத் தீவுக்கு இழுப்பது டோவானிடமுள்ள போரின் வாடையே என்று உணரும் அமுரோ, அவனுடைய ஸாக்குவைக் கண்டாமின் கைகளால் தூக்கிக் கடலில் எறிந்துவிடுகிறான்.